பக்கத்து வீட்டு ஏரியல்

டான்யூப் நதிக்கரையில் இருக்கிற லோம் நகரத்தில் முடி வெட்டிக்கொள்ள மூன்று கடைகள் உண்டு. காத்திருக்கிற நேரத்தில் உலகத்தையே சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் ரங்கேலின் கடைக்குத்தான் போக வேண்டும். கண்ணாடிக்கு எதிர்ச் சுவர் முழுக்க அட்டைகள். எரிமலை போட்டது, பென்குயின் போட்டது, தாடிக்காரன் ஒருவன் தன் நாயோடு நிற்கிறது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தேசத்தில் வீட்டிலிருந்தே பொழுதுபோக்காக வானலையில் பேசுகிற ஏதோ ஒரு ஹாம் ரேடியோக்காரன், ‘ஆமாம், நீ கேட்டது என் குரல்தான்’ என்று ஒப்புக்கொண்டு தபாலில் அனுப்பி வைத்தது.

ரங்கேல் ரேடியோவில் பேசுகிறவன் இல்லை. பேசுவதற்குப் பரீட்சை எழுத வேண்டும், லைசென்ஸ் வாங்க வேண்டும். அவன் கேட்கிறவன். ஹாம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைச் சிற்றலையில் தேடிப் பிடித்து, என்ன கேட்டேன், எவ்வளவு தெளிவாகக் கேட்டேன் என்று எழுதிப் போட்டு, பதிலுக்கு அட்டை வாங்குகிறவன். “ஒட்டுக்கேக்குறதுக்கு ஒரு மெஷினா?” என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். “என் நாற்காலியில உக்காந்து நீங்க சொல்றதைவிட மோசமா யாரும் அதுல பேசறதில்ல” என்பான் ரங்கேல்.

லோமில் இருபது வருடமாக இதைச் செய்தவன் அவன் ஒருவன்தான். அதில் அவனுக்கு மிகவும் பிடித்ததே அந்த ‘ஒருவன்தான்’. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சுவரைப் பார்த்துப் புதிதாக எவனாவது வாயைப் பிளந்தால், கத்தரிக்கோல் ஒரு நிமிடம் தானாக நின்றுவிடும்.

வீட்டில் அவன் ஹெட்போனை மாட்டிவிட்டால் ஊரடங்கு உத்தரவுதான். மின்சாரத்தில் ஓடுகிற எது இரைந்தாலும் அது ரிசீவரில் கரகரவென்று ஏறும். அதனால் அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜ் கிடையாது, துணி துவைக்கும் மெஷின் கிடையாது, சமையலறைக் குழல் விளக்கு கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றவாளி மிளகாய் அடுப்பு. செப்டம்பர் வந்தால் லோமில் எந்த வீட்டு முற்றத்திலும் மூடிபோட்ட வாளி போல ஒன்று நிற்கும். நீளச் சிவப்புக் குடமிளகாயை அதற்குள் நிறுத்தி வைத்துச் சுட்டெடுத்து, தோலுரித்து, தக்காளியோடு காய்ச்சி, குளிர்காலத்துக்குப் புட்டியில் அடைப்பார்கள். ரங்கேலின் மனைவி நெவேனாவுடைய அடுப்பு பழசு. உள்ளே ஒரு திருகு தளர்ந்து பொறி தட்டும். அந்தப் பொறி ரிசீவரில் மரம் அறுக்கிற சத்தமாகக் கேட்கும். திருகை முடுக்கியிருக்கலாம்தான். ரங்கேல் முடுக்கவில்லை, தடை போட்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஸ்பாஸ் வந்து சேர்ந்தான்.

டான்யூப் நதியில் சரக்குப் படகுகளில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். தனி ஆள். பக்கத்து வீட்டை வாங்கிக் குடிவந்த முதல் வாரமே வேலிக்கு மேல் தலையை நீட்டி, “கொம்ஷு, உன் கடையில அந்தச் சுவரைப் பார்த்தேன். எனக்கும் ஆசையா இருக்கு. ஏரியல் எப்படிக் கட்டறது?” என்று கேட்டான். லோமில் பக்கத்து வீட்டுக்காரனைக் கொம்ஷு என்று கூப்பிட்டுவிட்டால் உப்பு முதல் ஏணி வரை எதையும் கேட்கலாம்.

ரங்கேல் யோசித்தான். ஒரு தொடக்கக்காரனுக்கு எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு சொன்னான். அதாவது, கொஞ்சம். “ஒரு கம்பி வாங்கி எங்கயாவது இழுத்துக் கட்டு. கேக்கும்.”

ஸ்பாஸ் அதை அப்படியே செய்தான். புகைபோக்கியிலிருந்து கொல்லைக் கோடியில் நின்ற வால்நட் மரத்து உச்சி வரைக்கும் ஒரு கம்பியை இழுத்துக் கட்டினான். கணக்கு இல்லை, திசை பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டிய அந்தக் கம்பி ரங்கேல் கனவு கண்ட திசையில் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பி நீண்டிருக்கும் பக்கத்தில் அதற்குக் காது மந்தம். அதன் இரண்டு விலாப் பக்கமும்தான் நன்றாகக் கேட்கும். ஸ்பாஸின் கம்பி தன் விலாவைப் பசிபிக் கடலுக்குக் காட்டிக்கொண்டு சொகுசாகத் தொங்கியது.

“ரங்கேல், சேதி தெரியுமா?” என்றான் திமோ. ஆற்றோரம் மீன் விற்கிறவன். முகம் முழுக்க சோப்பு நுரை. “ஸ்பாஸ் நியூசிலாந்தைப் பிடிச்சுட்டானாம்.”

“நியூசிலாந்து என்ன பெரிய இதுவா? நான் பிடிக்காததா?”

“இல்லப்பா, அவன் திராட்சைப் பந்தலுக்குக் கீழ உக்காந்து, ஒரு கிளாஸ் ரக்கியாச் சாராயத்தை ஊத்தி வச்சுக்கிட்டுப் பிடிச்சானாம். நீ பிடிக்கிறப்ப ஃப்ரிட்ஜைக்கூட நிறுத்திடுவியாமே? போன தடவை நான் குடுத்த கெண்டை மீனு நாறிப்போச்சுன்னு நெவேனா திட்டினா.”

“தலையை ஆட்டாதே.”

“நீ கத்தியை ஆட்டாதே. அப்புறம் இன்னொண்ணு. நெவேனாவும் அங்கதான் உக்காந்திருந்தாளாம்.”

“மிளகாய் உரிக்கப் போயிருப்பா” என்றான் ரங்கேல். திமோவின் தாடையில் லேசாக ரத்தம் கண்டது. பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கடையில் அது முதல் கீறல் என்று திமோ இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ரங்கேலுக்குக் காதில் புகை வந்தது. வேறு எந்தச் சொல்லும் இதற்குப் பொருந்தாது. உண்மையான புகையாக இருந்தால் வாடிக்கையாளர்கள் இருமியிருப்பார்கள். தான் வருடக்கணக்காகக் குளிரில் கூரை மேல் விரல் விறைக்க நின்று பெற்றதை, அந்தத் தொந்திக்காரன் ஒரு கம்பியை வீசிப் பெற்றுவிட்டான் என்று நினைக்க நினைக்க ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஸ்பாஸின் வேலியைக் கடக்கும்போது அந்தக் கம்பியைப் பார்க்கவே கூடாது என்று நினைப்பான். ஒவ்வொரு நாளும் பார்ப்பான். ஒரு குருவி அதில் உட்கார்ந்திருந்தால் அதன் மேலும் கோபம் வரும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தீவுச் செய்தி வந்தது. பசிபிக் நடுவில், பறவைகளைத் தவிர யாரும் குடியிராத ஒரு பாறைத் தீவு. நாலு ஹாம்கள் ஜெனரேட்டரோடும் கூடாரத்தோடும் அங்கே இறங்கி ஒரு வாரம் பேசப் போகிறார்கள். கடைசியாக அந்தத் தீவிலிருந்து குரல் வந்தபோது ரங்கேலுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. இனி எப்போது வருமோ, அவன் உயிரோடிருக்கும்போது வருமோ வராதோ. கடைச் சுவரில் கட்டணப் பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைத்தான். அந்தத் தீவைக் கேட்டே ஆக வேண்டும். அதுவும் ஸ்பாஸுக்கு முன்னால் கேட்டாக வேண்டும். சொல்லப்போனால் முதல் ஆசையைவிட இரண்டாவதுதான் பெரிசு.

புதுச் செப்புக் கம்பி வந்தது. கம்பி முனைகளில் கோக்க முட்டை முட்டையாகப் பீங்கான்கள் வந்தன. சாப்பாட்டு மேசையில் பற்றவைப்பு நடந்தது. ஒரு வாரம் எல்லா உணவும் ஈய வாசனையோடுதான் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை ரங்கேல் கூரை ஏறினான். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெவேனா.

“இழு. இன்னும் கொஞ்சம். போதும்! போதும்னு சொல்றேன்ல!”

“இழுக்கச் சொல்றதும் நீ, இழுத்தா கத்தறதும் நீ.”

“கம்பி அறுந்துடும்டி!”

“அறுந்தா உன் வாய்க்குக் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்.” கயிற்றைத் தளர்த்திவிட்டு அவள் அண்ணாந்து பார்த்தாள். “ரங்கேல், இந்தக் கம்பி எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கு?”

“வடகிழக்கு.”

“தீவு எந்தப் பக்கம்?”

அவன் கட்டிய முடிச்சையே இன்னொரு தடவை இறுக்கினான்.

“நீட்டிக்கிட்டிருக்கிற பக்கம் செவிடுன்னு நீதானே சொல்லுவே?”

“எல்லாம் தெரியும். என்ன பண்ணச் சொல்றே? நம்ம கொல்லை ரிப்பன் மாதிரி இருக்கு. குறுக்க கட்டினா பாதிக் கம்பி ஸ்பாஸ் வீட்டுக்குள்ள போய் நிக்கும்.”

“அந்த வால்நட் மரத்துல ஒரு முனையைக் கட்டேன். கேட்டா வேணாம்னா சொல்லப் போறான்?”

“அந்த மரத்துல நான் தூக்கு மாட்டிக்கிட்டாலும் மாட்டிக்குவேன். கம்பி கட்ட மாட்டேன்.”

இருபது வருடம் இதே வேலையாக இருந்தவன், தெரிந்தே, தீவை நோக்கிச் செவிட்டுப் பக்கத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு இறங்கினான். பொறாமைக்காரனுக்கு ஏணி போட்டுக் கொடுத்தாலும் பள்ளத்துக்குள்தான் இறங்குவான்.

தீவுக்காரர்கள் பேசத் தொடங்கினார்கள். காலையில் வெயில் ஏறியதும் கொஞ்ச நேரம் பசிபிக் பக்கத்துக் குரல்களுக்கு வழி திறக்கும். அந்த நேரத்துக்கு ரங்கேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தவம் கிடந்தான். இத்தாலிக்காரனும் போலந்துக்காரனும் அந்தத் தீவைக் கூப்பிடுவது காதைக் கிழித்தது. தீவு சொல்லும் பதில் மட்டும் வரவில்லை. கடைக்குப் போனால், “என்ன, கிடைச்சுதா?” என்று ஒவ்வொரு தலையும் கேட்டது.

சனிக்கிழமை காலை அந்தக் கூப்பாடும் போயிற்று. மரம் அறுக்கிற சத்தம் ரிசீவர் முழுவதையும் நிரப்பியது. பத்து நிமிடம் அறுக்கும், நிற்கும், மறுபடி அறுக்கும். ரங்கேலுக்குச் சந்தேகமே இல்லை. ஸ்பாஸ் வேண்டுமென்றே செய்கிறான். தான் கேட்டு முடித்துவிட்டு இவன் கேட்கக்கூடாது என்று மிளகாய் அடுப்பைப் போட்டுப் போட்டு அணைக்கிறான். இதைவிடக் கேவலமான மனிதன் உண்டா? ‘அவன் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன்’ என்பதால் அவனுக்கு இது இன்னும் உறுதியாகத் தெரிந்தது.

பாட்டரியில் ஓடும் கைரேடியோவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். இந்த மாதிரிச் சத்தத்தை மோப்பம் பிடிக்க அதுதான் வழி. ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். சத்தம் ஏற ஏறக் குற்றவாளி கிட்டத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். தன் வாசலில் கரகரத்தது. தெருவில் கத்தியது. ஸ்பாஸின் கேட்டில் அலறியது. ரங்கேல் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

“நிறுத்துடா அந்தக் கருமத்தை!”

பந்தலுக்குக் கீழே ஸ்பாஸ் மடியில் தட்டை வைத்து மிளகாய்த் தோல் உரித்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை சிவப்பு. எதிரே நெவேனா. நடுவில் அடுப்பு. மூடியின் பிடி உடைந்து, அதற்குப் பதிலாக ஒரு மரக்கட்டை திருகப்பட்டிருந்தது. அந்த மரக்கட்டையைத் திருகியது ரங்கேல். அது அவன் வீட்டு அடுப்பு.

“கொம்ஷு, உக்காரு” என்றான் ஸ்பாஸ்.

“இது எப்படி இங்க வந்தது?”

“நான்தான் தூக்கிட்டு வந்தேன்” என்றாள் நெவேனா. “பின்ன எங்க சுடறது? நம்ம வீட்லதான் எந்த ஸ்விட்ச்சையும் போடக்கூடாதே. மூணு கூடை மிளகாய் அழுகறதுக்கா?” சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள்.

கைரேடியோ சட்டென்று அடங்கியது. அப்போதுதான் மேசை மேல் இருந்த ஸ்பீக்கர் ரங்கேலின் காதில் விழுந்தது. மெல்லிய, கடலில் மிதந்து வருகிற மாதிரி ஏறி இறங்குகிற ஒரு குரல். இவர்கள் ஒரு அடுக்கு சுடுவார்கள், அணைப்பார்கள், உரிக்கும்போது கேட்பார்கள். உரிக்கிற வேலைக்குச் சத்தம் இல்லை. இவ்வளவுதான் விஷயம். ஸ்பாஸுக்கு யாரையும் கெடுக்கும் உத்தேசமே இல்லை என்று தெரிந்ததும் ரங்கேலுக்கு வந்தது நிம்மதி அல்ல, ஏமாற்றம்.

“அதோ, அவங்கதான்” என்றாள் நெவேனா விரலைத் துடைத்துக்கொண்டே. “கிலோ, ஹோட்டல்... அதாவது கே, ஹெச். அப்புறம் எட்டு. இன்னிக்கு நேத்தைவிடக் கொஞ்சம் மெலிசா இருக்கு.”

ரங்கேல் நின்ற இடத்திலேயே நின்றான். ஸ்பாஸ் கேட்டிருந்தால் பரவாயில்லை, அதற்கு ஒரு வாரமாகத் தயாராகி இருந்தான். “நேத்தா?”

“வியாழக்கிழமையிலேர்ந்து.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ சாப்பிட மாட்டே. நான் செய்ற சூப்பெல்லாம் வீணாப் போகும்.”

“உனக்கு எப்படி இந்த எழுத்தெல்லாம் தெரியும்?”

“நீ இருபது வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு முணுமுணுக்கறே. கதவு மெலிசு.”

“கேட்டிருந்தா நானே சொல்லித் தந்திருப்பேனே!”

நெவேனா அடுப்பின் மூடியைத் திறந்து ஒரு மிளகாயை எடுத்தாள். சூட்டுக்குக் கையை மாற்றி மாற்றிப் பிடித்தாள். “கேட்டேன். கல்யாணமான புதுசுல உன் ரூமுக்கு வந்து, என்ன கேக்குதுன்னு கேட்டேன். நீ உஸ்ஸுன்னு கையைத் தூக்கினே. அந்தக் கையை நீ இன்னும் கீழ இறக்கல, ரங்கேல்.” கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் பதிலுக்குக் கத்தியாவது இருப்பான்.

ஸ்பாஸுக்கு மற்றவர் வீட்டுச் சண்டை கேட்டுப் பழக்கமில்லை. எழுந்து போய் ஒரு திருப்புளியோடு வந்து அடுப்பைக் கவிழ்த்து வைத்தான். ஒரே முடுக்கு. “இனிமே கத்தாது” என்றான். பிறகு மரத்தைப் பார்த்தான். “கொம்ஷு, அவங்க நாளைக்குக் கூடாரத்தைப் பிரிக்கறாங்க. உன் கம்பியோட ஒரு முனையை இந்தப் பக்கம் எறி. மரம் பெரிசு, ரெண்டு கம்பியைத் தாங்கும்.”

‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் ரங்கேல் வாயைத் திறந்தான். “சரி” என்று வந்துவிட்டது.

அன்று மத்தியானம் ஸ்பாஸ் தன் தொந்தியோடு மரம் ஏறி, படகுக்காரர்கள் போடுகிற முடிச்சாகப் போட்டு, கம்பியை இறுகக் கட்டினான். கீழே நின்ற ரங்கேல் நன்றி சொன்னான். பல் பிடுங்கிக்கொள்கிறவன் வாயிலிருந்து வருகிற மாதிரி வந்தது அந்த நன்றி. உதவி வாங்கிக்கொண்ட பிறகு பொறாமை தீரும் என்று நினைப்பவர்கள் பொறாமைப்பட்டதே இல்லை. அது இன்னும் கொஞ்சம் வீங்கிக்கொள்ளும். இப்போது ஸ்பாஸிடம் மரமும் இருந்தது, நல்ல மனசும் இருந்தது, நெவேனா சிரிக்கிற ஒரு பந்தலும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரங்கேல் கேட்காமலே நெவேனா ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி வைத்தாள். கடைசிக் கூடை மிளகாயை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “கேட்டுட்டுச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனாள். ரங்கேல் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, குமிழைத் திருப்பினான்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. தீவு அடுத்த அறையில் இருந்து பேசுகிற மாதிரி வந்து நின்றது. கரகரப்பு இல்லை, தேய்வு இல்லை. பேசுகிறவனுக்குப் பின்னால் பறவைகள் கத்துவதுகூடக் கேட்டது. ஜெர்மனிக்காரனுக்குப் பதில் சொன்னான், ஜப்பான்காரனுக்குப் பதில் சொன்னான், தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஸ்பாஸின் ஸ்பீக்கரில் நேற்று வந்ததைவிட இரண்டு மடங்கு தெளிவு. கம்பியை அளவு பார்த்துக் கட்டியவன் ரங்கேல் அல்லவா? ஒன்று விடாமல் எழுதிக்கொண்டான். ஜெயித்தாயிற்று. இதற்காக அவன் ஒரு மாதமாகத் தூங்கவில்லை.

“கேட்டியா, பறவை கத்துது!” என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

அந்த அறையில் இரண்டாவது நாற்காலி என்று ஒன்று இருந்ததே இல்லை. இத்தனை வருடத்தில் அதற்கு ஒரு தேவையும் வந்ததில்லை. இப்போது வந்தது. தீவு காதுக்குள் பேசிக்கொண்டே இருக்க, அவனுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டியிருந்தது. அது யார் என்பதில் அவனுக்குக் குழப்பமில்லை.

ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினான். குரல் அறை முழுக்கக் கொட்டியது. சத்தத்தைக் கூட்டினான், இன்னும் கூட்டினான், ஜன்னல் இரண்டு கதவையும் விரியத் திறந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பந்தலுக்குக் கீழே யாரோ ஏதோ சொல்ல, நெவேனா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நெவேனா!” என்று கத்தினான். “சீக்கிரம் வா! கேக்குது! பறவைகூடக் கேக்குது!”

சிரிப்பு நின்றது. அவள் எழுந்திருக்கும் சத்தத்துக்காக ரங்கேல் காத்திருந்தான்.

“இங்கயும் நல்லாத்தான் கேக்குது, ரங்கேல்!” என்று வேலிக்கு மேலே வந்தது அவள் குரல். “நீ கேளு!”